வீதி உடைந்தால் யாருடைய செலவு? வீதி ஒப்பந்தங்களில் வந்துள்ள புதிய முறைகள்

காபட் போட்டு ஒரு மாரி தாண்டவில்லை, அதற்குள் ஓரம் உடைந்துவிட்டது என்ற பேச்சு மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தை மாதம் பிறந்தால் எழும். ஒப்பந்தகாரரைத் திட்டுவார்கள், பொறியியலாளரைத் திட்டுவார்கள், அப்புறம் அரசியல்வாதியைத் திட்டுவார்கள். ஒப்பந்தப் பத்திரத்தில் என்ன எழுதியிருந்தது என்று யாரும் கேட்பதில்லை. வீதி கெட்டால் நட்டம் யார் தலையில் என்பதை, முதல் டிப்பர் கிரவல் கொட்டுவதற்கு முன்பே முடிவுசெய்வது அந்தப் பத்திரம்தான்.

அண்மைக் காலமாக வீதி வேலைகள் பற்றிய செய்திகளில் "வடிவமைத்துக் கட்டும் ஒப்பந்தம்", "செயற்றிறன் அடிப்படையிலான பராமரிப்பு", "தனியார் பங்களிப்பு" போன்ற சொற்கள் அடிக்கடி வருகின்றன. இவை ஒவ்வொன்றும் என்ன, எங்கிருந்து வந்தன, வாவிக்கும் கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஓடும் நம் வீதிகளுக்கு எது பொருந்தும் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

எந்த வீதி யாருடையது?

ஏ, பி வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, பொத்துவில், அக்கரைப்பற்று, கல்முனை வழியாக மட்டக்களப்புக்கு வரும் ஏ4, மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் போகும் ஏ15 இரண்டும் இந்த வகை. சி, டி வகுப்பு வீதிகளை மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம் பார்க்கிறது. ஊருக்குள் இருக்கும் சிறு வீதிகள் மாநகர, நகர, பிரதேச சபைகளுடையவை. வீதியின் உரிமையாளர் யார் என்று தெரிந்தால்தான் ஒப்பந்தத்தில் "வேலை கொள்வோர்" யார் என்று தெரியும். முறைப்பாட்டையும் அங்கேதான் கொடுக்க வேண்டும்.

பழைய முறை

நம் நாட்டில் பெரும்பாலான வீதி வேலைகள் இன்றும் நடப்பது இப்படித்தான்:

1. அரசாங்கமே வீதியை வடிவமைக்கும், அல்லது ஆலோசகரை வைத்து வடிவமைப்பிக்கும். எத்தனை கன மீற்றர் கிரவல், எத்தனை தொன் காபட், எத்தனை மதகு என்று அளவைப் பட்டியல் தயாராகும். களத்தில் இதை எல்லோரும் "பிஓகியூ" என்பார்கள்.

2. கேள்விமனு கோரப்படும். ஒப்பந்தகாரர் ஒவ்வொரு உருப்படிக்கும் விலை எழுதுவார். தகுதி உள்ளவர்களில் குறைந்த விலை போட்டவருக்கு வேலை போகும். தகுதியைப் பார்க்க நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபை தரும் தரப்படுத்தல் உண்டு. சிஎஸ்2 முதல் சி9 வரை அதன் படிகள் இறங்கும்.

3. செய்த வேலையை அளந்து அளந்து பணம் கொடுப்பார்கள். முடிந்த பிறகு வழக்கமாக ஓர் ஆண்டுக்குக் குறைபாடு திருத்தும் பொறுப்பு ஒப்பந்தகாரருடையது. அதன் பிறகு வீதி அரசாங்கத்தின் கையில்.

இந்த முறையில் நேர்மையாக வேலை செய்யலாம், நல்ல வீதியும் போடலாம். ஆனால் அதன் உள்ளே ஒரு கோளாறு இருக்கிறது. போட்ட காபட் எத்தனை தொன் என்பதற்குத்தான் பணம். அந்த வீதி எத்தனை ஆண்டு தாங்கியது என்பதற்குப் பணம் இல்லை.

வெல்லாவெளிப் பக்கமோ சம்மாந்துறைப் பக்கமோ வயலுக்கு நடுவே போகும் ஒரு வீதியின் ஓரத்தில் குந்தியிருந்து பாருங்கள். மேலே தெரிவது ஐந்து சென்ரிமீற்றர் அளவு கறுப்புத் தட்டு. அதற்குக் கீழே "ஏபிசி" என்று சொல்லும் உடைகல் அடுக்கு, அதற்கும் கீழே கிரவல். வீதியைத் தாங்குவது கீழே இருக்கும் இந்த இரண்டு அடுக்குகளும்தான். மாரியில் வயல் நீர் வீதி மட்டத்துக்கு ஏறி, ஓரக் கிரவல் வழியாக உள்ளே புகுகிறது. உடைகல்லுக்குள் நீர் நின்றால் அது இறுக்கத்தை இழக்கும். வேளாண்மை வெட்டும் காலத்தில் அறுவடை மெஷின் ஏற்றிய லொறியும் நெல் மூட்டை உழவு இயந்திரமும் அந்த ஓரத்தில் ஏறும்போது, கறுப்புத் தட்டு முதலைத் தோல் போல வெடிக்கும். பிறகு துண்டு துண்டாகக் கழரும். வடிகானும் ஓரமும் சரியாக இருந்தால் இது நடக்காது. ஆனால் செலவைக் குறைக்கப் பட்டியலில் வெட்டு விழும்போது முதலில் போவது வடிகானும் ஓரமும்தான். ஓராண்டுப் பொறுப்புக்காலம் ஒரு மாரியை மட்டுமே பார்க்கும். இரண்டாவது, மூன்றாவது மாரியில்தான் வீதியின் உண்மை தெரியவரும்.

ஆராய்ச்சி தொடங்கிய இடம்

அமெரிக்காவிலும் இதே முறைப்பாடுதான் இருந்தது. குறைந்த விலைக்கே வேலை என்ற விதியால் தரமும் காலமும் அடிபடுகின்றன என்று 1980களில் நெடுஞ்சாலைத் துறையினர் பேசத் தொடங்கினார்கள். 1987ல் இதை ஆராய ஒரு செயலணி அமைக்கப்பட்டது. 1990ல் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிருவாகம் "சிறப்புப் பரிசோதனைத் திட்டம் 14" என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. மாநிலங்கள் புதிய ஒப்பந்த முறைகளை உண்மையான வீதிகளில் பரீட்சித்துப் பார்த்து, முடிவை அறிக்கையாகத் தர வேண்டும் என்பது ஏற்பாடு. முதலில் எடுத்துக்கொண்டவை நான்கு: விலையோடு காலத்தையும் சேர்த்துக் கேள்விமனு கோருதல், வீதித்தடத்துக்கு வாடகை, உத்தரவாத ஒப்பந்தம், வடிவமைத்துக் கட்டுதல். முதல் மூன்றும் 1995 அளவில் வழக்கமான முறைகளாக ஏற்கப்பட்டன. நான்காவதற்கான விதிகள் முழுமை பெற 2002 ஆகிவிட்டது.

சட்டத்தை மாற்றிவிட்டுப் பிறகு யோசிக்கவில்லை அவர்கள். செய்து பார்த்து, அளந்து, எழுதி வைத்து, அப்புறம்தான் விதியை மாற்றினார்கள். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவற்றில் இதை நான் முதலில் வைப்பேன்.

நாளுக்கும் விலை

"ஏ பிளஸ் பி" என்று சொல்லப்படும் முறையில் ஏ என்பது வேலையின் விலை. பி என்பது ஒப்பந்தகாரர் கேட்கும் நாட்களை ஒரு நாளின் பெறுமதியால் பெருக்கி வரும் தொகை. இரண்டையும் கூட்டி, குறைந்தவருக்கு வேலை.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். கரையோர வீதியின் ஒரு துண்டு. அது அரைகுறையாகக் கிடக்கும் ஒவ்வொரு நாளும் மக்களுக்கு 3 இலட்சம் ரூபா நட்டம் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். சுற்றிப் போகும் எரிபொருள், பிந்தும் பஸ், தூசியால் மூடிக்கிடக்கும் கடை எல்லாம் அதில் அடக்கம்.

முதல் ஒப்பந்தகாரர் 200 மில்லியன் ரூபாவும் 300 நாளும் கேட்கிறார். நாட்களின் பெறுமதி 90 மில்லியன், மொத்தம் 290.

இரண்டாமவர் 215 மில்லியன் ரூபாவும் 220 நாளும் கேட்கிறார். நாட்களின் பெறுமதி 66 மில்லியன், மொத்தம் 281.

பழைய முறையில் முதலாமவர் வெல்வார். இதில் இரண்டாமவர். ஆனால் அவருக்குக் கொடுக்கப்படுவது 215 மில்லியன் மட்டுமே. நாள் கணக்கு தெரிவுக்கு மட்டும்தான். சொன்ன நாளைத் தாண்டினால் நாளுக்கு நாள் தண்டம், முந்தினால் ஊக்கத்தொகை என்றும் சேர்த்துக்கொள்வது உண்டு.

இப்போது கலண்டரை எடுங்கள். பெப்ரவரி 1ஆம் திகதி வேலை தொடங்கினால், 220 நாள் செப்டெம்பர் 8 அளவில் முடியும். 300 நாள் நவம்பர் 27ல் முடியும். நவம்பர் 27 என்றால் மட்டக்களப்பில் என்ன காலநிலை என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. நமக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றோடு, நவம்பர் முதல் ஜனவரி வரை கொட்டும். அதனால் இங்கே எல்லா நாளுக்கும் ஒரே பெறுமதி போடக்கூடாது. ஒக்டோபருக்குப் பிந்திய ஒரு நாள், ஜூன் மாதத்து ஒரு நாளைவிடப் பல மடங்கு விலை கூடியது. திறந்து கிடக்கும் உடைகல் அடுக்கின் மேல் மாரி இறங்கினால், செய்த வேலையையே கிளறித் திரும்பச் செய்ய வேண்டிவரும்.

இந்த ஊக்கத்தொகை எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் லொஸ் ஏஞ்சல்ஸ். 1994 ஜனவரி 17 பூகம்பத்தில் சாந்தா மொனிக்கா நெடுஞ்சாலையின் பாலங்கள் இடிந்தன. திருத்த 140 நாள் கொடுத்தார்கள். ஒரு நாள் முந்தினால் 2 இலட்சம் டொலர் ஊக்கம், ஒரு நாள் பிந்தினால் அதே அளவு தண்டம். இரவு பகலாக ஆள் போட்டு 66 நாளில் முடித்தார்கள். 74 நாள் முந்தியதற்கு 14.8 மில்லியன் டொலர் கிடைத்தது.

இங்கே அப்படியே தூக்கி வைத்தால் ஓடாது. நம் வீதி வேலைகள் பிந்துவதற்கு ஒப்பந்தகாரர் மட்டும் காரணம் இல்லை. மின்கம்பம் நகர்த்த வேண்டும், நீர்க்குழாய் மாற்ற வேண்டும், மதில் உடைக்கக் காணிக்காரரோடு பேச வேண்டும். இவற்றை முடிக்காமல் வேலைத்தளத்தைக் கையளித்தால், பிந்திய நாளெல்லாம் அரசாங்கத்தின் பிழையாகக் கணக்கில் வரும். கால நீடிப்பு கொடுக்க வேண்டும், தண்டமும் அறவிட முடியாது. நாளுக்கு விலை போட முதல், கம்பத்தையும் குழாயையும் நகர்த்தி முடிக்க வேண்டும்.

தட வாடகையும் உத்தரவாதமும்

இவை இரண்டையும் சுருக்கமாகப் பார்க்கலாம். தட வாடகை என்றால், வீதியின் ஒரு பக்கத்தை மூடி வைக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒப்பந்தகாரர் கட்டணம் கட்ட வேண்டும். பிரித்தானியாவில் 1980களில் பயன்பாட்டுக்கு வந்தது. காத்தான்குடியிலும் கல்முனையிலும் பிரதான வீதியின் ஒரு பாதி மூடினால் பஸ்ஸும் லொறியும் சுற்றிப் போக வசதியான வேறு வழி இல்லை. அங்கே பகலில் மூடுவதற்குக் கூடிய வாடகை, இரவுக்குக் குறைந்த வாடகை என்று வைத்தால் வேலை தானாக இரவுக்கு நகரும்.

உத்தரவாத ஒப்பந்தத்தில் ஓராண்டுப் பொறுப்பை நீட்டி, பள்ளம், வெடிப்பு, சில்லுத் தடம் ஆகியவற்றுக்கு எல்லை குறிப்பார்கள். எல்லை மீறினால் ஒப்பந்தகாரர் செலவில் திருத்தம். சிறு ஒப்பந்தகாரருக்கு இது கஷ்டம். அத்தனை ஆண்டுக்கு வங்கி உத்தரவாதம் வாங்க அவரால் முடியாது, அதனால் பெரிய நிறுவனங்கள் மட்டுமே போட்டியில் மிஞ்சும்.

வடிவமைத்துக் கட்டுதல்

இதில் வடிவமைப்பும் கட்டுமானமும் ஒரே நிறுவனத்திடம். சர்வதேச ஆலோசகப் பொறியியலாளர் சம்மேளனமான பிடிக் வெளியிடும் மாதிரி ஒப்பந்தங்களில், அரசாங்கம் வடிவமைக்கும் வேலைக்குச் சிவப்புப் புத்தகம், ஒப்பந்தகாரர் வடிவமைக்கும் வேலைக்கு மஞ்சள் புத்தகம் என்று துறையில் எல்லோரும் நிறத்தால்தான் சொல்வார்கள். வரைபடம் பிழை, களம் வேறு என்று இரு தரப்பும் ஒருவரையொருவர் காட்டும் சண்டை இதில் குறையும். வரைபடம் முழுதாக முடியும் முன்பே அத்திவாரத்தைத் தொடங்கலாம்.

மினியாபொலிஸ் நகரில் மிசிசிப்பி ஆற்றின் மேல் இருந்த நெடுஞ்சாலைப் பாலம் 2007 ஓகஸ்ட் 1ல் இடிந்து 13 பேர் இறந்தார்கள். புதிய பாலத்தை இந்த முறையில் கொடுத்தார்கள். தெரிவானவர் குறைந்த விலைக்காரர் அல்லர், போட்டியிட்டவர்களில் ஆகக் கூடிய விலை போட்டவர். வடிவமைப்புத் தரம், அனுபவம், மக்களோடு பேசும் திட்டம் எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டதில் அவர் முந்தினார். 2008 செப்டெம்பர் 18ல் பாலம் திறக்கப்பட்டது.

நம் பகுதியில் இந்த முறையின் ஆபத்து நீரில் இருக்கிறது. விலை முன்பே பூட்டப்பட்டால், அனுமதிக்கப்பட்ட மிகச் சிறிய மதகைத்தான் ஒப்பந்தகாரர் வரைவார். அது அவருடைய நியாயம். எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்தை வீதி தாங்க வேண்டும், நீர் எந்த மட்டத்துக்கு மேல் ஏறக்கூடாது என்பதை அரசாங்கம் முன்கூட்டியே எழுத வேண்டும். 2024 நவம்பர் 26ல் காரைதீவு மாவடிப்பள்ளியில் வீதியை மூடிப் பாய்ந்த வெள்ளம், மதரசா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தை அடித்துச் சென்றது. பிள்ளைகள் இறந்தார்கள். அதற்கு ஒரு ஒப்பந்த முறையைக் காரணம் காட்ட நான் வரவில்லை. ஆனால் வயல்வெளியைக் குறுக்கறுத்துப் போகும் வீதியில், மதகின் அகலமும் வீதியின் உயரமும் செலவு மிச்சம் பிடிக்கும் இடமாக இருக்கவே கூடாது. அந்த ஒரு பக்கத்தை மட்டும் ஒப்பந்தகாரரிடம் விடக்கூடாது.

கட்டியவரே பராமரிக்கும் முறை

எனக்கு அதிக நம்பிக்கை தரும் முறை இதுதான். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா 1988ல் வீதிப் பராமரிப்பை ஒப்பந்தத்துக்கு விட்டது. 1990களில் ஆர்ஜென்டினா ஒரு படி மேலே போய், திருத்துவதையும் பிறகு பராமரிப்பதையும் ஒரே ஒப்பந்தத்தில் கட்டியது. நியூசிலாந்து 1998ல் பத்து ஆண்டு ஒப்பந்தம் ஒன்றைத் தொடங்கியது.

செயற்றிறன் அடிப்படை என்பதன் பொருள் எளிது. எத்தனை தொன் தார் ஊற்றினாய் என்று கேட்பதில்லை. மூன்று கேள்விகள் கேட்கப்படும்:

1. பள்ளம் விழுந்தால் குறித்த நாட்களுக்குள் மூடப்பட்டதா?

2. வடிகானும் மதகும் மாரிக்கு முன் துப்புரவாக இருந்தனவா?

3. வீதியின் கரடுமுரடு குறித்த அளவுக்குள் இருக்கிறதா? வாகனத்தில் கருவி பூட்டி ஓடி, ஒரு கிலோமீற்றருக்கு எத்தனை மீற்றர் குலுக்கல் என்று இதை அளப்பார்கள்.

ஆம் என்றால் மாதக் கொடுப்பனவு முழுதாகப் போகும். இல்லையென்றால் வெட்டு. இப்படி வைத்தால் ஒப்பந்தகாரரின் கணக்கே மாறிவிடும். வடிகான் நல்லதாகப் போட்டால் அவருடைய சொந்தப் பணம் மிச்சமாகும்.

இது நமக்குப் புதிது இல்லை. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் 2014ல் தொடங்கிய "ஐ ரோட்" திட்டத்திலும், 2017ல் கிழக்கு மாகாணத்தையும் சேர்த்துக்கொண்டு வந்த அதன் இரண்டாம் கட்டத்திலும், கிராமப்புற வீதி ஒப்பந்தங்கள் கட்டுமானத்துக்குப் பின் சுமார் மூன்று ஆண்டுச் செயற்றிறன் பராமரிப்பையும் சேர்த்தே எழுதப்பட்டன. உங்கள் ஊரில் அப்படி ஒரு வீதி இருந்தால், கேட்க வேண்டியது பராமரிப்புக் காலம் எந்தத் திகதியில் முடிகிறது என்பதை. முடியும் முன் பள்ளம் இருந்தால் மூட வேண்டியவர் ஒப்பந்தகாரர். முடிந்த மறுநாள் அது வீதிக்கு உரிய மாகாணத்தின் அல்லது சபையின் செலவு.

இதற்கு நேர் எதிர்முனையில், சிறிய அளவில், நாம் நன்றாகப் பழகிய ஒரு முறை உண்டு. கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கே உள்வீதியின் கொங்கிறீட் வேலையைக் கொடுப்பது. நூறு மீற்றர் வீதிக்குப் பெரிய ஒப்பந்தகாரர் தேவையில்லை. அந்த வீதியில் குடியிருப்பவரே சீமெந்துப் பைக்கற்றை எண்ணுவார், கொங்கிறீட்டில் நீர் கூடினால் சத்தம் போடுவார், ஏழு நாள் சாக்குப் போட்டு நனைப்பார். எந்த மேற்பார்வையாளரும் அத்தனை நேரம் நிற்க மாட்டார்.

பணம் நின்றால் எல்லா முறையும் நிற்கும்

தனியார் பங்களிப்பின் ஒரு வகையாக, இந்தியா 2016ல் கலப்பு ஆண்டுத்தொகை முறையை அறிமுகப்படுத்தியது. கட்டும்போது செலவில் 40 சதவீதத்தை அரசாங்கம் தரும். மீதி 60 சதவீதத்தை நிறுவனம் தேடிப் போட்டு, பிறகு 15 ஆண்டுகளாகத் தவணையில் பெறும். வீதியில் ஓடும் வாகனங்களிடம் அறவிடும் சுங்கக் கட்டணம் எவ்வளவு சேரும் என்ற பயம் நிறுவனத்துக்கு இல்லை. சுங்கம் வைத்துச் செலவை மீட்கும் அளவு வாகனம் ஓடாத, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை போன்ற இடத்துக்கு, இந்த வழி காகிதத்தில் பொருந்துகிறது.

ஆனால் 15 ஆண்டுத் தவணை என்பது 15 ஆண்டுக் கடன். 2022 ஏப்ரல் 12ல் இலங்கை வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நிறுத்தியது. 2021 டிசம்பரில் 121 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் டீசல் 2022 ஜூனில் 460 ரூபா ஆனது. விலை ஏற்றத்துக்கு ஈடுகொடுக்கும் சூத்திரம் நம் ஒப்பந்தங்களில் உண்டு, மாதாந்த விலைச் சுட்டெண்களும் வெளியாகின்றன. சூத்திரம் கணக்கைத்தான் தரும். திறைசேரியில் காசு இல்லாதபோது பில் கையிலேயே கிடக்கும். ஒப்பந்தகாரர்கள் மெஷினை விற்றார்கள், ஆட்களை அனுப்பினார்கள், கிண்டிப் போட்ட வீதிகள் அப்படியே கிடந்தன. பராமரிப்போடு கூடிய நீண்ட ஒப்பந்தமும் இதே இடத்தில்தான் உடையும். மாதக் கொடுப்பனவு ஆறு மாதம் பிந்தினால், பள்ளம் மூடவில்லை என்று வெட்டுப் போட எந்தப் பொறியியலாளருக்கும் வாய் வராது.

ஆராய்ச்சி முடிவுகளை எப்படி வாசிப்பது?

வடிவமைத்துக் கட்டும் முறை பற்றிய அமெரிக்க அரசின் 2006 ஆய்வு, மொத்தக் காலம் சராசரியாக 14 சதவீதமும் செலவு 3 சதவீதமும் குறைந்ததாகச் சொன்னது. தரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. அதாவது இந்த முறை வாங்கித் தருவது முக்கியமாகக் காலத்தை. செலவு பாதியாகும் என்று யாராவது மேடையில் சொன்னால் நம்ப வேண்டாம்.

இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும். அந்த இலக்கங்கள் பெரும்பாலும் திட்ட முகாமையாளர்களிடம் கேட்டுப் பெற்ற மதிப்பீடுகள். புதிய முறைக்கு எந்த வீதியைக் கொடுப்பது என்று தெரிவுசெய்பவர்களும் நல்ல களம், நல்ல ஒப்பந்தகாரர் பார்த்தே தெரிவுசெய்வார்கள். ஒரே வீதியை இரண்டு முறையிலும் போட்டுப் பார்க்க முடியாது. அதனால் இங்கே சோதிக்கும்போது, ஒரே மண், ஒரே வெள்ளம் உள்ள இரண்டு வீதித் துண்டுகளை எடுத்து, ஒன்றைப் பழைய முறையிலும் மற்றதைப் புதிய முறையிலும் கொடுத்து, மூன்று மாரிக்குப் பிறகு அளந்து பார்ப்பது நல்லது. களுவாஞ்சிக்குடிக்கும் கல்முனைக்கும் இடையில் அதற்கு ஏற்ற துண்டுகள் தாராளமாக உண்டு.

காசு செலவில்லாத ஒரு மாற்றம்

இவ்வளவும் செய்யச் சட்டமும் பயிற்சியும் கடனும் வேண்டும். ஒன்றுக்கு மட்டும் அவை எதுவும் வேண்டாம்.

நம் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கும். வரவு செலவுத் திட்டம் டிசம்பரில் நிறைவேறி, ஒதுக்கீடு கைக்கு வந்து, கேள்விமனு கோரி, மதிப்பிட்டுக் கையளிக்கும்போது ஓகஸ்ட், செப்டெம்பர் ஆகிவிடும். தெற்கில் பரவாயில்லை. கிழக்கில் அந்த ஒப்பந்தகாரர் கிண்டத் தொடங்கும்போது வானம் கறுக்கத் தொடங்கும். ஆண்டு முடியும் முன் காசைச் செலவழித்துக் காட்ட வேண்டும் என்று மழைக்கு நடுவே உடைகல் கொட்டுவார்கள். கிழக்கு மாகாண வேலைகளின் கேள்விமனுக்களை முந்திய ஆண்டு ஒக்டோபரிலேயே கோரி, மதிப்பீட்டை மாரி பெய்யும் காலத்தில் முடித்து, ஒதுக்கீடு வந்ததும் பெப்ரவரியில் கையொப்பமிட்டால், மார்ச் முதல் செப்டெம்பர் வரை ஏழு மாத வெயில் முழுதாக வீதிக்குக் கிடைக்கும்.